கூவிப் பேசிய மலை

கோலான் குன்றுகளில், ஹெர்மோன் மலைச்சரிவில் மஜ்தல் ஷம்ஸ் என்று ஓர் ஊர். அங்கே பெரும்பாலும் ட்ரூஸ் மதத்தினர். 11ஆம் நூற்றாண்டில் எகிப்தில் தோன்றிய மதம். வெளியாட்கள் சேர முடியாது, கல்யாணமும் தங்களுக்குள்தான். பிழைப்பு ஆப்பிள், செர்ரித் தோட்டம்.

1967 போரில் இஸ்ரேல் இந்த ஊரைச் சிரியாவிடமிருந்து பிடித்தது. அண்ணன் இந்தப் பக்கம், தங்கச்சி அந்தப் பக்கம்னு ஆயிடுச்சு. நடுவில் வேலி, கண்ணிவெடி. நேரடி போனும் கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் மேட்டில் நின்று மெகாபோனில் கூவித்தான் பேசினார்கள். கல்யாணச் சேதி, சாவுச் சேதி எல்லாம் ஊருக்கே கேட்கும். (ரகசியத்தை எப்படித்தான் சொன்னாங்களோ!)

சிரியாவில் வாக்கப்பட்ட பெண்ணைச் செஞ்சிலுவைச் சங்கம் எல்லை தாண்டி அனுப்பி வைத்தது. போனவள் அம்மா வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. அம்மா முகத்தைப் பைனாகுலரில்தான் பார்க்க வேண்டியிருந்தது. செல்போன் வந்த பிறகுதான் கூவுவது குறைந்தது.