பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது?

கோடை விடுமுறையில் காவிரியில் பரிசல் சவாரி போயிருக்கிறீர்களா? கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுமரம் எப்படியோ, சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பரிசல் அப்படி. மூங்கிலைப் பிளந்து கூடைபோல் பின்னி, அடியில் தோலைப் போர்த்துவது பழைய வழக்கம். இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் உறையும் தாரும் வந்துவிட்டன. கண்ணாடியிழைப் பரிசல்களும் உண்டு. ஆனால் வட்ட வடிவம் மட்டும் மாறவில்லை. ஏன் தெரியுமா?

மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி என்ற பரிசல் துறை இருக்கிறது. 1934-இல் அணை திறக்கப்பட்டபோது இங்கிருந்த ஊர்கள் மூழ்கின. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. கோடையில் நீர் வெகுவாக இறங்கினால், மூழ்கிய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். அப்போது கரையோரம் ஆழம் குறைந்துவிடும். ஆழமாக அமிழும் படகு அங்கே தரை தட்டும், பரிசல் தட்டாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பரிசலின் விட்டம் 2 மீட்டர். அடிப்பாகம் தட்டை என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 3.14 சதுர மீட்டர். ஆட்களும் பரிசலும் சேர்ந்து எடை 350 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்க வேண்டும். அதாவது 350 லிட்டர். இதற்குப் பரிசல் சுமார் 11 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் போதும். அரைச் சாண் தண்ணீர்தான்!

இன்னொரு லாபமும் உண்டு. ஒரே நீளமுள்ள விளிம்பைக் கொண்டு சதுரம் அமைத்தால் பரப்பு 2.46 சதுர மீட்டர்தான் கிடைக்கும். குறைந்த மூங்கிலில் அதிக இடம் தருவது வட்டமே. ஈராக்கின் டைக்ரிஸ் ஆற்றிலும் வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் மக்கள் கூடை போன்ற படகுகளைக் கட்டியது வியப்பில்லை.

குறையும் உண்டு. நீண்ட படகு பக்கவாட்டில் திரும்பும்போது நீர் அதைத் தடுக்கும். வட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் பரிசல் பம்பரம்போல் சுற்றும். அதனால்தான் பரிசல்காரர் முன்பக்கம் குனிந்து, நீரைத் தம்மை நோக்கி இழுக்கிறார். பாய் கட்டியும் பயனில்லை. காற்று போகும் பக்கமே அதுவும் போகும்.

மேட்டூருக்குக் கீழே பூலாம்பட்டியில் காட்சி வேறு. நீர்மின் கதவணை தேக்கிவைக்கும் ஆழமான நீரில், அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. நீர் மாறினால் படகின் வடிவமும் மாறுகிறது, பார்த்தீர்களா?

பரிசலில் ஏறியதும் "எழுந்திரிக்காதீங்க, ஒரே பக்கம் சாயாதீங்க" என்பார் பரிசல்காரர். அதுவும் அறிவியலே. எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் உயரும். எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தால் அந்த விளிம்பு அமிழ்ந்து நீர் உள்ளே பாயும். கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் பரிசலைச் சுமார் 2 சென்டிமீட்டர் அமிழ்த்துவார். ஆகவே அளவாக ஏறுங்கள். மிதவைச் சட்டை அணியுங்கள். அணையில் நீர் திறப்பதாக அறிவிப்பு வந்தால் ஆற்றில் இறங்காதீர்கள்.

வீட்டில் அகன்ற பாத்திரத்து நீரில் ஒரு சாப்பாட்டுத் தட்டை மிதக்கவிட்டுப் பாருங்கள். நடுவில் சில நாணயங்களை வையுங்கள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக விளிம்புக்கு நகர்த்துங்கள். பரிசல்காரர் சொன்னதன் பொருள் கண்ணெதிரே தெரியும்.