மாண்டிசோரிப் பெட்டியும் மலைச் சாமையும்

மழலையர் கல்வியில் உலகத் தரம் என்றால், விலையுயர்ந்த மரச்சாமான்களும் வெளிநாட்டுப் பெயர்ப்பலகையும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பெயர்கள் பிறந்த இடங்களோ ஏழைகளின் இடங்கள். மரியா மாண்டிசோரி 1907இல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற வறிய குடியிருப்பில். ரெஜியோ எமிலியா முறையின் தொடக்கம், 1945இல் போர் முடிந்த கையோடு, கைவிடப்பட்ட டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் இத்தாலியக் கிராமத்தார் தாங்களே கட்டிய பள்ளி. மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கித் தம் சிந்தனையை வளர்த்தவர். தமிழ்நாட்டு மலையொன்றுக்கும் பங்குள்ள அந்தக் கல்வியை இறக்குமதிச் சரக்காக்கியது நாம்தான்.

வெளியுலகிடம் கற்க வேண்டியது பொருளை அல்ல, பார்வையை என்பதற்குக் கொல்லிமலை நல்ல உரைகல். வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்று இன்றும் 'நாடு'களாகவே அறியப்படும் இந்த ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நிலங்களில், மாவு ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பெருகப் பெருகச் சாமையும் தினையும் சுருங்கின. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அவற்றைக் காக்க இங்கே உழைத்துவருகிறது. இந்தத் தானியங்களைப் பால்வாடிக்குள் கொண்டுவந்தால் என்ன? மஞ்சள் தினை, செம்பழுப்புக் கேழ்வரகு, வெளிறிய சாமை மூன்றையும் ஒரு முறத்தில் கலந்து வைத்தால் நான்கு வயதுப் பிள்ளை நிறம் பார்த்துப் பிரிக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் உருட்டிப் பார்க்கும். ஆழாக்கில் அளந்து 'இது கூட, அது கொறச்சல்' என்று சொல்லும். புலன்களைப் பழக்க மாண்டிசோரி வகுத்த பயிற்சியின் சாரம் இதுதான். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் மழலையர் கூடங்களைத் தொடங்கியபோது, மொழியைக் கற்றுத்தர மூத்தோரை உள்ளே அழைத்தார்கள். மலையாளிகள் பேசுவது தமிழ் என்பதால் இங்கே மொழி மீட்புக்கு வேலையில்லை. விதையின் பெயரும் விதைக்கும் பருவமும் அறிந்த பாட்டிகள் இருக்கிறார்களே, அவர்களை அழைக்கலாம்.

'கீழ்நாட்டுப் பிள்ளை ஏ,பி,சி,டி படிக்கையில் எங்கள் பிள்ளை சாமை பொறுக்குவதா?' என்று பெற்றோர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. காலங்காலமாகப் பின்தள்ளப்பட்டவர்களின் அச்சம் அது. 2019இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியதும் இத்தகைய எதிர்பார்ப்பை உணர்ந்துதான். ஆனால் பின்லாந்தில் முறையான பள்ளிப்படிப்பே ஏழு வயதில்தான். அதனால் அந்த நாடு பின்தங்கிவிடவில்லை. பிரிக்கவும் அளக்கவும் கதை சொல்லவும் பழகிய பிள்ளைக்கு எழுத்து, எந்த மொழியின் எழுத்தானாலும், எளிதில் வசப்படும். ஆங்கிலப் பாட்டு வேண்டாமென்று யார் சொன்னது? அதுவும் இருக்கட்டும்.

எனக்குக் கனமாகப் படுவது இன்னொரு ஆட்சேபம். பணக்கார நாடுகளில் சில பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். இங்கே ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். சத்துமாவு வழங்குவது, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு மழலையர் வளர்ச்சி குறித்து அறிக்கை தந்தது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. உணவும் நலமும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் என்ற அந்த ஏற்பாட்டில் கல்விதான் பெரும்பாலும் கடைசி வரிசைக்குப் போனது. முறமும் தானியமும் ஊரிலேயே கிடைக்கும். அங்கன்வாடிப் பணியாளருக்குக் காலையில் இரண்டு மணி நேரம் பதிவேட்டிலிருந்து விடுதலை கொடுப்பது அரசின் கையில் இருக்கிறது.