மங்கு: வெயில் போடும் கறை

"கருத்த தோல்தானே, வெயில் என்ன செய்யும்?" என்று அமீரகத்தில் நம்மில் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். தோலிலுள்ள மெலனின் நம்மை ஓரளவு காப்பது உண்மைதான். ஆனால் தொடர்ந்து வெயில் பட்டால் அதுவே அதிகமாகச் சுரந்து, கன்னத்திலும் நெற்றியிலும் மங்காகப் படிகிறது. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இது கூடும்.

உடனே நாம் தேடுவது ஊர் மருந்துக் கடையில் வாங்கி வந்த க்ரீம். அவற்றில் சில ஸ்டீராய்டு கலந்தவை. முதலில் முகம் பளிச்சென்றாகும். நாளடைவில் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும். பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-ல் உத்தரவிட்டது.

மங்குக்கு முதல் மருந்து வெயிலைத் தடுப்பதே:

* எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். வெளியில் இருந்தால் 2 மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசவும்.
* காரிலும் பூசவும். பக்கக் கண்ணாடி வழியே புற ஊதாக் கதிர் வரும்.
* ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்ய இங்கு தடை உண்டு. அந்த நேரத்தில் நாமும் நிழலில் இருப்போம்.

பூச்சு மருந்துகளைத் தோல் மருத்துவர் சொன்னபடி மட்டும் பயன்படுத்துவோம். குணம் தெரியச் சில மாதங்கள் ஆகும். ஆறாத புண்ணோ, வடிவம் மாறும் மச்சமோ இருந்தால் தாமதிக்க வேண்டாம்.