எறிந்த பொருள் எங்கே போகிறது?

மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், மங்கிலும் வெட்டுக் கோட்டிலும் காய்ந்து ஒட்டியிருந்த பாலைக்கூட அவர்கள் விட்டுவைத்ததில்லை. ஒட்டுப்பால் என்று அதனை உரித்தெடுத்துச் சாக்கில் சேர்த்தார்கள். நிறுவைக்கு ஏற்பக் காசு கிடைத்தது. வீட்டிலோ, காலியான பால் டின்னே அரிசி அளக்கும் படியாயிற்று. சோற்றுக் கஞ்சி மாட்டுக்குப் போயிற்று. இச்சிக்கனத்திற்கு வறுமையும் ஒரு காரணமே, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் குப்பை என்று வீசுவதற்கு மிஞ்சியது சிறிதே.

பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனை ஆலையிலும் அதே சிக்கனத்தைப் பெரிய அளவில் காணலாம். பழம் உதிர்ந்தபின் எஞ்சும் வெற்றுக் குலைகள் தோட்டத்திற்கே திரும்பி மரத்தடியில் உரமாகின்றன. பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும் கொதிகலனில் எரிந்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தருகின்றன.

கழிவுநீரின் கதை வேறு. முற்காலத்தில் அதனை ஆறுகளில் விட்டனர். அதில் கலந்திருந்தவை எண்ணெயும் பழச் சக்கையுமே. பின் மீன்கள் ஏன் மடிந்தன? அச்சக்கையை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. மீனுக்கு மூச்சில்லாமற் போகிறது. ஆகவே 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும் என்றாயிற்று.

சட்டம் இருந்தும், 2019 மார்ச் மாதத்தில் நம் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. நீரோடு போய்விடும் என்று எண்ணினர் போலும்! அதிலிருந்து எழுந்த நச்சுவாயு காற்றில் கலந்து வகுப்பறைகளுக்குள் புகுந்தது. மாணவர்கள் மூச்சுத் திணறினர், வாந்தியெடுத்தனர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டியவர் யார் என்றே அறியாத பிள்ளைகள் அத்துன்பத்தை அனுபவித்தனர்.

நாம் இரசாயனம் கொட்டுவதில்லையே என்பீர்கள். மாலையில் வீட்டின் பின்புறம் எரியும் குப்பையைப் பாருங்கள். அக்காலக் குவியலில் சருகும் தாளும் இருந்தன. இக்காலக் குவியலில் பிளாஸ்டிக் பைகளும் புட்டிகளுமே மிகுதி. அவை எரியும் நச்சுப்புகையை முதலிற் சுவாசிப்போர் அருகில் விளையாடும் நம் குழந்தைகளே. திறந்தவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படியும் குற்றமாகும்.

மின்சாரத்தின் புகையோ நம் கண்ணுக்குப் படுவதில்லை. பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பின் மின்நிலையத்தில், கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி எரிகிறது. ஆளில்லாத வகுப்பறையில் மின்விசிறி சுழன்றாலும் எங்கோ ஓர் உலையில் எரிபொருள் வீணே எரியத்தான் செய்கிறது.

ஜொகூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது 2015 செப்டம்பர் முதல் கட்டாயம். காய்கறித் தோலை வாழையடியில் புதைக்கலாம். தகரம், தாள், புட்டி ஆகியவற்றைப் பழைய சாமான் வாங்குவோர் நிறுத்து எடுத்துக்கொள்வர். குப்பை வண்டி எட்டிப்பாராத தோட்டங்களும் உண்டு. எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அங்குள்ளோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அத்தகைய தோட்டங்களில், வண்டிக்கு ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகத்திடம் பெற்றோர் ஒன்றுகூடி எழுத்து மூலம் கேட்கலாம்.