கரிசல் மண் ஒட்டிய ஜெர்மன் லாரி!

லாரி ஓட்டத் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? எனக்கும் தெரியாது. ஆனா, சேஸிஸில் ஆரம்பிச்சு தார்ப்பாய் வரைக்கும் ஒரு முழு லாரியை என் கையாலேயே கட்டி முடிச்சிருக்கேன். நீளம்... 17 சென்டிமீட்டர்!

சிரிக்காதீங்க. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். வீடு ராஜபாளையத்துல. காலேஜுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிப் போகணும். போன செமஸ்டர் லீவுல, சேர்த்துவெச்ச பாக்கெட் மணியை மொத்தமா துடைச்சு ஒரு ஸ்கேல் மாடல் கிட் வாங்கினேன். ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் ராணுவம் ஓட்டின 'ஓப்பல் பிளிட்ஸ்' லாரி. கூரியர் பெட்டியைப் பிரிச்சதும் அம்மா கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி... "ஏன்டா, இவ்வளவு காசு வாங்கிட்டு உடைஞ்சுபோன பொம்மையையா அனுப்பியிருக்கான்?"

அம்மா மேல தப்பில்லை. பெட்டிக்குள்ள லாரி இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்கள்தான் இருக்கும். ஒவ்வொரு சட்டத்துலயும் கதவு, ஸ்டீயரிங், பம்பர், பெடல்னு குட்டிக்குட்டி பாகங்கள் காய் மாதிரி தொங்கும். வெட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஒட்டி, பெயின்ட் அடிக்கிறது எல்லாம் நம்ம வேலை.

அளவு 1:35. அதாவது, நிஜத்துல 35 இன்ச் இருந்தா மாடல்ல 1 இன்ச். சட்டுனு புரியணும்னா இப்படி யோசிங்க. தினமும் பஸ்ஸுல இருந்து நான் பார்க்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி. அதை 35-ஆல வகுத்தா கிட்டத்தட்ட அஞ்சரை அடி. அட, என் உயரம்! அதே கணக்குல நான் அஞ்சு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டேன்.

அது ஏன் 35? ஜப்பானின் டாமியா கம்பெனி 1960-களின் தொடக்கத்துல, பேட்டரியில ஓடுற 'பாந்தர்' டாங்க் மாடல் ஒண்ணைச் செஞ்சாங்க. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கணுமே! அதுக்கு இடம் விட்டுப் பார்த்தப்ப வந்த அளவுதான் 1:35. அதையே மத்த கம்பெனிகளும் பிடிச்சுக்கிட்டாங்க. உலகம் பூரா ராணுவ வண்டி மாடல்களுக்கு இன்னிக்கும் அதுதான் ஸ்டாண்டர்டு. பாஸ், ஒரு பேட்டரி போட்ட கணக்கு!

மின்னல்னு ஒரு லாரி

'பிளிட்ஸ்'னா ஜெர்மன் மொழியில மின்னல். பேர்தான் மின்னல்... இன்ஜின் 75 குதிரைசக்தி. இப்ப நம்ம ரோட்டுல ஓடுற சின்ன கார்கள் பலதுக்கு இதைவிட பவர் ஜாஸ்தி! ஆனா, அந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை வெச்சுக்கிட்டு 3 டன் சுமையை இழுத்தது இந்த லாரி. இதோட முழுப் பேர் '3.6-36 எஸ்'. இன்ஜின் 3.6 லிட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 3.6 மீட்டர். 'எஸ்'னா ஸ்டாண்டர்டு. பேரே பயோடேட்டா!

பெர்லின் பக்கத்துல பிராண்டன்பர்க்ல 1935-ல திறந்த தொழிற்சாலையில்தான் இது தயாராச்சு. போர் நடந்தப்ப அங்கே கட்டாயத் தொழிலாளர்களையும் போர்க் கைதிகளையும் வேலை வாங்கியிருக்காங்க. 1944 ஆகஸ்ட்ல அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு அந்தத் தொழிற்சாலையை நொறுக்கிடுச்சு.

சினிமாவுல ஜெர்மன் ராணுவம்னாலே டாங்கும் லாரியுமா பறக்கும் இல்லையா? நிஜத்துல 1941-ல ரஷ்யாவுக்குள்ள நுழைஞ்சப்ப அவங்ககிட்ட 6 லட்சத்துக்கும் மேல குதிரைகள் இருந்தன. பீரங்கியையும் ரொட்டி மூட்டையையும் பெரும்பாலும் இழுத்தது குதிரைதான். அந்த ராணுவத்துல ஒரு லாரிங்கிறது எவ்வளவு பெரிய சொத்துனு அப்பதான் எனக்கு உறைச்சது.

தாத்தா பிடிச்ச தப்பு

மூணாவது நாள் சேஸிஸ் ரெடி. ஆக்ஸிலையும் பட்டையையும் ஒட்டிட்டு, பெருமையா தாத்தாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். எங்க தாத்தா ராஜபாளையத்துல நாற்பது வருஷம் லாரி மெக்கானிக். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு செகண்டுதான் பார்த்தார்.

"என்னடா, பட்டையைக் கவுத்து வெச்சிருக்கே?"

"இல்ல தாத்தா... படத்துல..."

"படம் கிடக்கட்டும். லோடு ஏறினா பட்டை நிமிரணும். இப்படி வெச்சா எப்படி நிமிரும்? ரெண்டு நுனியும் மேலே, நடு கீழே. பட்டையைப் பார்த்தா சிரிக்கிற மாதிரி இருக்கணும்டா. நீ வெச்சது அழுவுது."

மானம் போச்சு! லீஃப் ஸ்பிரிங்கோட பெண்டிங் ஸ்ட்ரெஸ் ஃபார்முலாவை பரீட்சையில ஒரு எழுத்து பிசகாம எழுதினவன் நான். ஆனா, அது எந்தப் பக்கம் வளையும்னு லாரிக்கு அடியில படுத்துப் பார்த்ததே இல்லை.

அடுத்து தாத்தா சொன்னதுதான் ஆச்சர்யம். பானெட்டைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்துட்டு, "இது பெட்ஃபோர்டுக்குப் பங்காளி மாதிரி இருக்கேப்பா" என்றார். அவர் தொழில் பழகினது பெட்ஃபோர்டு லாரியில. சும்மா சொல்றார்னு நினைச்சேன். தேடிப் பார்த்தா... நிஜமாவே பங்காளிதான்! பெட்ஃபோர்டைச் செஞ்ச பிரிட்டனின் வாக்ஸால் கம்பெனியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1925-ல வாங்கிடுச்சு. ஜெர்மனியின் ஓப்பலை 1929-ல வாங்கிடுச்சு. போர் வந்ததும் ஓப்பல் நிர்வாகம் ஜெர்மன்காரங்க கைக்குப் போயிடுச்சு. ஆனா, பாலைவனத்துல எதிரெதிரா நின்ன ரெண்டு படைக்கும் சாப்பாடு சுமந்த லாரிகள் ஒரே முதலாளி வீட்டுப் பிள்ளைகள்!

விரல்ல கட்டு... லாரியில தார்ப்பாய்

பட்டையைத் திருப்பி ஒட்டலாம்னா அது அவ்வளவு ஈஸி இல்லை. இந்த வேலைக்குப் போடுற பசை, ஃபெவிகால் மாதிரி நடுவுல நின்னு பிடிச்சுக்காது. பிளாஸ்டிக்கையே கரைச்சு ரெண்டு பாகத்தையும் ஒண்ணாக்கிடும். வெல்டிங்னே வெச்சுக்குங்க. அதனால பிளேடு கத்தியால அறுத்தேன். பட்டையோட என் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அறுந்தது.

எங்க ஊர்ல காயத்துக்குக் கட்டுத்துணி தேட வேண்டியதே இல்லை. பக்கத்துல இருக்கிற சத்திரப்பட்டியில தறிகள் நெய்யறதே ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணிதான். சித்தி வீட்டுல இருந்து வந்த ஒரு ரோல் எப்பவும் அலமாரியில இருக்கும். அம்மா திட்டிக்கிட்டே விரலைச் சுத்தினாங்க. சுத்தின துணியைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்... லாரிக்குத் தார்ப்பாய் கிடைச்சிடுச்சு!

கிட்டில் இருந்த பிளாஸ்டிக் தார்ப்பாய் தகரம் மாதிரி விறைப்பா இருந்தது. ஆனா, பேண்டேஜ் துணியை அப்படியே போர்த்தவும் முடியாது. நூல் 0.2 மில்லிமீட்டர் தடிமன்னு வெச்சுக்கிட்டா, 1:35-ல அது 7 மில்லிமீட்டர் கயிறு! தார்ப்பாய்க்குப் பதிலா மீன் வலை போட்ட மாதிரி ஆயிடும். அதனால தண்ணி கலந்த ஃபெவிகால்ல துணியை நனைச்சு விரிச்சு, மேலே டிஷ்யூ பேப்பரை ஒட்டி, ஈரத்தோட லாரி மேல போர்த்தி மடிப்பு எடுத்தேன். காய்ஞ்சதும் பெயின்ட். நிஜத் தார்ப்பாய் தோத்துது போங்க!

டப்பாவுல நம்ம நிறம் இல்லை

லாரி முடிஞ்சது. இனி அதை எந்தக் காட்சியில நிறுத்துறது? பெட்டி மேல இருந்த படத்துல சிரிச்ச முகத்தோட ஜெர்மன் சிப்பாய்கள், பளபளன்னு லாரி. நானும் அப்படியே செஞ்சிருப்பேன். தாத்தா மறுபடியும் ஒரே கேள்வியில கவுத்துட்டார்.

"இந்த லாரி யாரை அடிக்கப் போச்சு?"

பதில் தெரியலை. ரெண்டு வாரம் லைப்ரரியில உட்கார்ந்தேன். தெரிஞ்சதும் கொஞ்சம் வெட்கமாவே இருந்தது. இந்த லாரி அடிக்கப் போன ஆட்கள்ல நம்ம ஆட்களும் இருந்திருக்காங்க, ஃப்ரெண்ட்ஸ்.

ரெண்டாம் உலகப் போர்ல இந்திய ராணுவத்துல 25 லட்சம் பேர் இருந்தாங்க. 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க உயிரை விட்டாங்க. வட ஆப்பிரிக்காவுல ஜெர்மன் படையை எதிர்த்த 4-வது இந்திய டிவிஷன்ல, 1780-ல தொடங்கின 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' படைப்பிரிவின் 12-வது ஃபீல்டு கம்பெனியும் இருந்தது. 1943 மே மாசம் துனிசியாவுல ஜெர்மன் தளபதி வான் ஆர்னிம் சரணடைஞ்சது அந்த 4-வது டிவிஷன்கிட்டதான். சாப்பர்ஸ்னா யாருன்னு கேட்கறீங்களா? பாலம் கட்டுறவங்க, ரோடு போடுறவங்க, கண்ணிவெடி எடுக்கிறவங்க. அதாவது... ராணுவ இன்ஜினீயர்கள். நம்ம சீனியர்ஸ்!

அதுல ஒருத்தர் சுபேதார் சுப்பிரமணியன். நம்ம தமிழ்நாட்டுக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில மின்யானோங்கிற இடத்துல கண்ணிவெடி அகற்றிக்கிட்டிருந்த குழுவுல இருந்தார். கூட இருந்த ஒருத்தர் கால்பட்டு வெடி ஒண்ணு முடுக்கிக்கிச்சு. வெடிக்க சில நொடிதான். சுப்பிரமணியன் அது மேலேயே பாய்ஞ்சு படுத்துட்டார். கூட இருந்தவங்க பிழைச்சாங்க. அவருக்கு 'ஜார்ஜ் கிராஸ்' விருது கொடுத்தாங்க... இறந்த பிறகு.

ஸ்கூல்ல படிச்சேனே, காலேஜ்லயும் படிக்கிறேனே... அந்தப் பேரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனா, ஜெர்மன் லாரியோட வீல்பேஸ் எனக்குத் தலைகீழாத் தெரியும்!

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். லாரி பளபளக்காது. 1944 இத்தாலி, மழைச் சேறு, ஒரு பக்கமா சாய்ஞ்சு கைவிடப்பட்டுக் கிடக்கும். ஜெர்மன் ராணுவம் 1943 பிப்ரவரியில இருந்து வண்டிகளுக்கு அடிச்ச அடர் மஞ்சளை அடிச்சேன். டயர்லயும் மட்கார்டுலயும் சேறு பூசணுமே? வெம்பக்கோட்டைப் பக்கம் போய் ஒரு கைப்பிடி கரிசல் மண் அள்ளிட்டு வந்து, சலிச்சு, ஃபெவிகால்ல குழைச்சு அப்பினேன். நம்ம கரிசல் மாதிரி ஒட்டுற சேறு வேற எது பாஸ்?

ரோட்டுல கண்ணிவெடி தேடுற ரெண்டு சாப்பர்ஸ். ஸ்டீல் ஹெல்மெட் போட்ட பிரிட்டிஷ் சிப்பாய் பொம்மைகளை வாங்கினேன். முகத்துக்குப் பெயின்ட் அடிக்க 'ஃபிளெஷ்'னு எழுதின டப்பாவைத் திறந்தா... ரோஸ் கலர்! சதைன்னா அவங்களுக்கு அந்த நிறம்தான். நம்ம நிறத்துக்கு டப்பா இல்லை. பிரவுன், மஞ்சள், துளி சிவப்புன்னு கலந்து கலந்து என் புறங்கையில தடவிப் பார்த்தேன். ஏழாவது தடவை, தடவின இடம் எதுன்னு எனக்கே தெரியலை. அந்த நிறத்தைத்தான் அவங்க முகத்துக்கு அடிச்சேன்.

வெடி எடுத்த பாதைக்கு ரெண்டு ஓரமும் வெள்ளை நாடா கட்டுறது வழக்கம். ரெண்டு இன்ச் நாடான்னா மாடல்ல ஒன்றரை மில்லிமீட்டர். மிச்சமிருந்த சத்திரப்பட்டி பேண்டேஜ்ல இருந்து கிழிச்சேன்.

நீங்களும் ட்ரை பண்ணலாமா?

* முதல்ல பாகங்களை சோப்புத் தண்ணியில கழுவிடுங்க. அச்சுல ஒட்டாம இருக்கப் போட்ட எண்ணெய்ப் பிசுக்கு போகலைன்னா பெயின்ட் உரியும்.
* கையால முறிக்காதீங்க. சின்ன கட்டரால வெட்டுங்க. கத்தியை விரல் பக்கம் இழுக்காதீங்க (தழும்பு இருக்கு, காட்டட்டுமா?).
* பசையும் தின்னரும் மண்டையைச் சுத்த வைக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சிட்டு வேலை பாருங்க.
* ஒட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை பசை இல்லாம பொருத்திப் பாருங்க. வீட்டுல ஒரு மெக்கானிக் தாத்தா இருந்தா அவர்கிட்ட காட்டிட்டு ஒட்டுங்க!
* வெளிநாட்டு கிட் விலை கட்டுப்படி ஆகலையா? சிவகாசி காலண்டர் அட்டை, ஸ்கேல், கட்டர், ஃபெவிகால் போதும். உங்க ஊர் மினிபஸ்ஸை அளந்து 1:35-ல வரைஞ்சு வெட்டி ஒட்டுங்க.

இப்ப என் லாரி எங்க வீட்டு டி.வி. பக்கத்துல, பால்கோவா டப்பா மூடி மேல நிக்குது. வர்ற சொந்தக்காரங்க எல்லாம் லாரியைத்தான் முதல்ல பார்க்கிறாங்க. "ஜெர்மன் லாரியாம்ல!" தாத்தாதான் நடுவுல புகுந்து, அந்த ரெண்டு சின்ன ஆளுங்களைக் காட்டறார். "லாரியை விடுங்க. இவங்க யாருன்னு கேளுங்க அவன்கிட்ட..."

நான் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் 1944 பிப்ரவரி 24-ல இருந்து ஆரம்பிச்சு.