லால்குடிக்கு எத்தனை எழுத்து?

ஒண்ணாங்கிளாஸ் குழந்தையைக் கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும். லா, ல், கு, டி. நாலு. இதையே பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எதிலாவது நீளம் கேட்டுப் பாருங்கள், 8 என்று வரும். கோ அல்லது ரஸ்ட் மொழியில் கேட்டால் 24. ஸ்விஃப்டில் கேட்டால் குழந்தை சொன்ன அதே 4.

மூணுமே சரிதான். எண்ணும் பொருள்தான் வேறு வேறு.

யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதில் நம்ம 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. இந்திய மொழிகளுக்காக 1988-இல் வந்த இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்தது அது. உயிர்கள், அகரமேறிய மெய்கள், அப்புறம் கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகள், இவ்வளவுதான். அதனால் ‘லா’ என்பது ல + கால், ‘ல்’ என்பது ல + புள்ளி. லால்குடிக்கு மொத்தம் 8 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 24.

இது தெரிந்துவிட்டால், தமிழை வைத்து நிரல் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பல கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

தலைகீழாக்கினால் ஏன் உடைகிறது?

இன்டர்வியூவில் தவறாமல் வரும் கேள்வி: ஒரு சொல் திருப்பிப் படித்தாலும் அதேதானா என்று பார். ‘விகடகவி’ அப்படிப்பட்ட சொல் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வழக்கமான ஒரு வரி விடையை ஓட்டினால் ‘இல்லை’ என்று வரும். குறியீடுகளைத் திருப்பும்போது கடைசி ‘வி’யின் விசிறி முன்னால் வந்து அந்தரத்தில் நிற்கிறது. முதலில் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும், அப்புறம் திருப்ப வேண்டும். பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகத்தின் ‘கெட்_லெட்டர்ஸ்’, ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘இன்டல்.செக்மென்டர்’ இந்த வேலையைச் செய்யும். வெட்டும்போதும் இதே கதைதான். லால்குடியை 3 குறியீட்டோடு நிறுத்தினால் ‘லால’ என்று புள்ளி போய்விடும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு ரெண்டு

இது கொஞ்சம் விஷமமானது. லால்குடிக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தை எடுத்துக்கொள்வோம். ‘கொ’வை ரெண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ‘ொ’ என்ற ஒரே குறி, இல்லையென்றால் க-வோடு கொம்பு தனி, கால் தனி. திரையில் ரெண்டும் ஒண்ணுதான். உள்ளே ஒன்றில் 9 குறியீடு, இன்னொன்றில் 10. சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறையில் ஒழுங்குபடுத்திவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆனால் கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் அந்த மருந்து வேலை செய்யாது. ‘ஸ்ரீ’யை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். இந்த ஶ யூனிகோடுக்குள் வந்ததே 2005-இல்தான். அதற்கு முன்னால் ஸ-வில்தான் எழுத முடியும், இன்றைக்கும் பல கீபோர்டுகள் அதையேதான் தருகின்றன. பல எழுத்துருக்களில் ரெண்டும் ஒரே ஸ்ரீயாகத் தெரியும். யூனிகோடு கணக்கில் இவை சமமே இல்லை, அதனால் என்எஃப்சி தொடாது. நாமேதான் ஒன்றை மற்றதாக மாற்றி, தேடலுக்கென்று தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் தட்டிய மூலத்தில் கை வைக்கக் கூடாது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஒரு பட்டியலில் ‘ஸ்ரீதரன்’ ஒரு விதமாக ஏறியிருக்கிறது, கவுன்டரில் இருப்பவர் இன்னொரு விதமாகத் தட்டுகிறார். ‘உங்க பேரு இல்லீங்களே’ என்று பதில் வரும். திரையைத் திருப்பிக் காட்டி வாதாடவும் முடியாது, எழுத்து அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். அலைவது அந்த மனிதர்தான்.

வரிசை ஏன் அகராதி மாதிரி இல்லை?

திருச்சி மாவட்டத்தின் மணப்பாறை, மண்ணச்சநல்லூர் ரெண்டையும் அப்படியே வரிசைப்படுத்தினால் மணப்பாறை முன்னால் வரும். குறியீட்டு எண்ணில் ‘ப’வுக்குப் பின்னால்தான் புள்ளி இருக்கிறது. நம்ம அகராதியிலோ ‘ண்’ முதலில், ‘ண’ அப்புறம், ஆகவே மண்ணச்சநல்லூர்தான் முந்தும். யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ என்ற எழுத்து ‘ப’வுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பது இன்னொரு கூத்து. ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசை முறையையோ, ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘இன்டல்.கொலேட்டர்’ என்பதைத் தமிழுக்கு அமைத்தோ பயன்படுத்துங்கள். சொந்தமாக அட்டவணை போட வேண்டியதில்லை.

ஆக, எந்த விடையையும் நகலெடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொண்டால் போதும்: எனக்கு இங்கே வேண்டியது பைட்டா, குறியீடா, எழுத்தா? டேட்டாபேஸ் இடத்துக்கு எதை எண்ணுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர் பார்ப்பது, எண்ணுவது, வெட்டுவது எல்லாவற்றுக்கும் எழுத்து.

டெஸ்ட் எழுதும்போது ‘அம்மா’, ‘வணக்கம்’ மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். லால்குடி, கொள்ளிடம், ஸ்ரீரங்கம், மண்ணச்சநல்லூர் நாலையும் சேருங்கள், கொள்ளிடத்தையும் ஸ்ரீரங்கத்தையும் ரெண்டு விதமாகவும். இவை தாண்டினால், மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவற்றை உங்கள் நிரல் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.