கையடக்க விளையாட்டுக் கருவிக்கு எது தேவை, எது வீண்? தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு கணக்கு

தீபாவளி போனஸ் வந்த வாரத்திலோ, எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு பகுதிநேர வேலையில் முதல் சம்பளம் கிடைத்த மாதத்திலோ நம் வீடுகளுக்குள் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி நுழைந்துவிடுகிறது. பெரும்பாலும் அது நிண்டெண்டோ சுவிட்ச். சில வீடுகளில் புதியது, பல வீடுகளில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. கருவி கைக்கு வந்த மறுநாளே அடுத்த செலவு கதவைத் தட்டும். பை, திரைக் கண்ணாடி, சார்ஜர், பவர் பேங்க், நினைவக அட்டை, செவிக்கருவி, கைப்பிடி, பொத்தான்களுக்கு வண்ண மூடி என்று இணையக் கடை ஒரு பட்டியலை நீட்டுகிறது. பார்த்தால் எல்லாமே அவசியம்போல் தோன்றும்.

மாணவர்களே, அந்தப் பட்டியல் யாருக்காகப் போடப்பட்டது? அதிவேக இணையமும், நடந்து போகும் தூரத்தில் கடையும் உள்ள நகரவாசிக்காக. லாபு, ரந்தாவ், சுவா பெத்தோங், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் உங்கள் தேவை வேறு. ஆகவே "எது நல்லது?" என்று கேட்பதற்கு முன் "நான் எங்கே விளையாடுகிறேன்?" என்று கேளுங்கள். வீட்டுக் கூடத்திலா, சிரம்பானுக்குப் போகும் பேருந்திலா, நீலாய் அல்லது போர்ட்டிக்சன் பொலிடெக்னிக் விடுதி அறையிலா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பட்டியலில் பாதி தானாக அடிபட்டுவிடும்.

இரண்டு நாள் சம்பளம்

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு இது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 சென். துணைப் பொருள்களுக்கு 130 ரிங்கிட் செலவிட்டால், அந்தச் சம்பளத்தில் செம்பனைக் குலை வெட்டும் அப்பாவின் இரண்டு நாள் உழைப்பு போய்விட்டது. வாங்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளையும் ரிங்கிட்டில் மட்டுமல்லாமல் வேலை நாளிலும் கணக்கிட்டுப் பாருங்கள். கை தானாக நிதானிக்கும்.

பேட்டரிக் கணக்கு நமக்குப் புதிதல்ல

தோட்டங்களுக்கு முழுநேர மின்சாரம் வருவதற்கு முன், பல இடங்களில் தோட்டத்து ஜெனரேட்டர் விடியற்காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டுமே ஓடியது. வானொலி உலர் பேட்டரியில் பாடியது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்குக் கார் பேட்டரியை இணைத்து, அது தீர்ந்ததும் டவுன் கடைக்குத் தூக்கிப்போய் மின்னேற்றி வந்த கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கருவி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு அவர்களுக்கு அத்துப்படி.

உலக விளையாட்டுக் கருவிச் சந்தையும் இதே கணக்கில்தான் தீர்மானமானது. நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் 1989-இல் வெளிவந்தது. அதன் திரையில் வண்ணமும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனால் நான்கு சிறிய பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் கேம் கியர் கருவியைக் கொண்டுவந்தது. வண்ணத் திரை, உள்ளிருந்து ஒளிரும் விளக்கு, பார்க்க அழகு. ஆனால் ஆறு பேட்டரி போட்டாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் படுத்துவிட்டது. கேம் பாய், அதன் வண்ணத் திரை வாரிசையும் சேர்த்து, 118 மில்லியனுக்கு மேல் விற்றது. கேம் கியர் விற்பனை அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பளபளப்பு முதல் நாளோடு சரி, பயன்பாடுதான் நிலைக்கும் என்ற இந்தப் பாடம் துணைப் பொருள்களுக்கும் பொருந்தும்.

சார்ஜர்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

பை மட்டமாக இருந்தால் பை மட்டும் கிழியும். சார்ஜர் மட்டமாக இருந்தால் கருவியே போகலாம், வீட்டில் தீயும் பிடிக்கலாம். பழைய கருவி வாங்குவோருக்குச் சார்ஜர் பெரும்பாலும் கூட வராது. அப்போது கையில் கிடைத்த ஏதோ ஒன்றைச் செருகும் பழக்கம் ஆபத்தானது.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சுவிட்ச் கருவியின் அசல் சார்ஜர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தரும். இரண்டையும் பெருக்கினால் 39 வாட். சாதாரணக் கைத்தொலைபேசி சார்ஜர் இதைவிடப் பலவீனமானது. மின்னேற்றம் மெதுவாக நடக்கும், தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடவும் போதாது. 2025-இல் வந்த சுவிட்ச் 2 தொலைக்காட்சியோடு இணைய 60 வாட் கேட்கிறது. ஆகவே பழைய சுவிட்ச் சார்ஜர் அதற்கு உதவாது.

தொலைக்காட்சியோடு இணைக்கும் "டாக்" எனும் தாங்கியிலும் எச்சரிக்கை தேவை. 2018-இல் வேறு நிறுவனங்களின் சில தாங்கிகளில் பொருத்திய சுவிட்ச் கருவிகள் இயங்காமல் போனதாகப் பல நாடுகளில் புகார் எழுந்தது. உரிமம் பெறாத துணைப் பொருள்களைத் தவிர்க்குமாறு நிண்டெண்டோ அறிவுறுத்தியது.

நம் நாட்டில் சார்ஜர்கள் எரிசக்தி ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மூன்று முனை பிளக்கும் சிரிம் முத்திரையும் உள்ளதா என்று பாருங்கள். இரண்டு முனைச் சார்ஜரை, ஆடும் மாற்று பிளக்கில் செருகி, அதை ஏற்கெனவே விசிறியும் சோற்றுப் பானையும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள். இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பவர் பேங்க்: கணிதப் பாடம் உதவும்

வீட்டில் மட்டும் விளையாடுபவருக்கு இது தேவையே இல்லை. நீண்ட பேருந்துப் பயணம் செய்பவருக்குப் பயன்படும். ஆனால் அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

சுவிட்ச் கருவியின் பேட்டரி 4,310 மில்லி ஆம்பியர் மணி. பேட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். பெருக்கினால் சுமார் 16 வாட் மணி. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பேங்கில் இருப்பது 37 வாட் மணி. மின்சாரம் இடம் மாறும்போது ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் சுமார் 30. ஆக, கருவியை ஏறக்குறைய இரண்டு தடவை முழுதாக மின்னேற்றலாம். ஒரு மாணவரின் பயணத்துக்கு இது தாராளம். உள்ளங்கை அளவில் 50,000 என்று எழுதி இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்தால், அந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள்.

நினைவக அட்டை: இணைய வேகத்தோடு சேர்த்து யோசியுங்கள்

முதல் சுவிட்ச், சுவிட்ச் லைட் இரண்டிலும் 32 ஜிகாபைட் இடம்தான். ஓலெட் திரை வகையில் 64. பதிவிறக்கம் செய்து விளையாடுவோருக்கு இது விரைவில் நிறைந்துவிடும். அதனால் நினைவக அட்டை பயனுள்ள பொருள்தான்.

ஆனால் அட்டை வாங்கினால் அதில் எதை நிரப்பப் போகிறீர்கள்? 15 ஜிகாபைட் விளையாட்டு ஒன்றை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இறக்க 3 மணி 20 நிமிடம் ஆகும். கைத்தொலைபேசித் தரவில் இறக்கினால் மாதத் தரவு ஒரே இரவில் கரையலாம். இணையம் தடுமாறும் தோட்டத்தில், விளையாட்டு முழுவதும் அடங்கிய கேட்ரிட்ஜ் வாங்குவது மேல். விளையாடி முடித்ததும் விற்கலாம், நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம். சுவிட்ச் 2-க்கு வரும் சில அட்டைகள் "கேம்-கீ கார்டு" வகையைச் சேர்ந்தவை. அவற்றில் விளையாட்டு இருக்காது, திறவுகோல் மட்டுமே இருக்கும். விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கியாக வேண்டும். பெட்டியின் முகப்பிலேயே இது அச்சிடப்பட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு பொறி உண்டு. சுவிட்ச் 2-இல் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் வகை அட்டை மட்டுமே வேலை செய்யும். பழைய மைக்ரோ எஸ்.டி. அட்டை அதற்குப் பயன்படாது.

போலி அட்டைகள் ஏராளம். 32 ஜிகாபைட் அட்டையை 512 என்று காட்டும்படி மாற்றி விற்பார்கள். முதலில் எல்லாம் சரியாக இருக்கும். 32-ஐத் தாண்டியதும் பழைய கோப்புகள் அழியத் தொடங்கும். வாங்கிய அன்றே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் சோதித்துவிடுங்கள். பள்ளி அல்லது கல்லூரிக் கணினிக் கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு செய்யலாம்.

திரை, பை, செவிக்கருவி

முதல் சுவிட்சின் திரை பிளாஸ்டிக் ஆனது. எளிதில் கீறல் விழும் என்பதால் கண்ணாடி ஒட்டுவது நியாயமான செலவு. ஓலெட் வகையிலும் சுவிட்ச் 2-இலும் திரையின்மேல் ஒரு மெல்லிய படலம் தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி உடைந்தால் சிதறாமல் காக்கும் படலம் அது. பாதுகாப்பு உறை என்று நினைத்து உரித்துவிடாதீர்கள்.

வெளியே எடுத்துப் போகிறவருக்குக் கடினமான பை ஒன்று போதும். கருவியைச் சுற்றி எப்போதும் மாட்டியிருக்கும் தடித்த ரப்பர் உறையில் காற்றுத் துளைகள் அடைபடக் கூடாது. இக்கருவி 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பயன்படுத்தவே வடிவமைக்கப்பட்டது. தகரக் கூரையின் கீழ், நண்பகலில், மின்னேற்றிக்கொண்டே விளையாடினால் அந்த எல்லையை நெருங்கிவிடுவோம்.

செவிக்கருவியைப் பொறுத்தவரை, சுவிட்ச் வகைகள் அனைத்திலும் 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு. கைத்தொலைபேசியோடு முன்பு வந்த கம்பி செவிக்கருவியே போதும். ஒரே சுவரைப் பகிரும் லயன் வீட்டில், விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய பெற்றோர் உறங்கும் நேரத்தில், இதுதான் உண்மையிலேயே வீட்டுக்கு உதவும் துணைப் பொருள். ஒலியைக் குறைவாகவே வையுங்கள். சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பான வரம்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று மின்வணிக விதிமுறைகள் கூறுகின்றன. இவை இல்லாத கடையை விட்டு விலகுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள், ரசீதைப் படம்பிடித்து வையுங்கள்.

ஏமாற்றப்பட்டால் "போனது போகட்டும்" என்று விட வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் மாநில அலுவலகம் சிரம்பானில் இருக்கிறது. பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள். மனுவை எழுதுவது நீங்களாக இருக்கட்டும்.

உப்பிய பேட்டரியையும் கெட்ட பவர் பேங்கையும் வீட்டின் பின்புறம் குப்பையோடு சேர்த்து எரிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரி தீயில் வெடிக்கும். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

எந்த வரிசையில் வாங்கலாம்?

கையில் பணம் குறைவாக இருந்தால் முதல் இடம் சரியான சார்ஜருக்கு. அடுத்தது, பிளாஸ்டிக் திரை என்றால் கண்ணாடி. வெளியே கொண்டு போகிறவருக்கு மூன்றாவதாகப் பை. நினைவக அட்டையை, இருக்கும் இடம் நிறைந்த பிறகு வாங்கலாம். பவர் பேங்க், பயணம் உள்ளவருக்கு மட்டும். வண்ண மூடி, ஒளிரும் தாங்கி, பத்துப் பொருள் அடங்கிய மலிவுப் பெட்டி ஆகியவற்றை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். மாதம் முடிந்த பிறகும் அதே ஆசை இருந்தால், விலையை 65 ரிங்கிட் 38 சென்னால் வகுத்து, வரும் விடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.